கார் வாங்கும் வியாபாரி கணக்குப் பார்க்கிறாரா?

அச்சுவேலிச் சந்தைக்கு அருகில் எனக்கு நீண்ட நாள் வாடிக்கையான ஒரு பாத்திரக் கடை இருக்கிறது. யாழ் நகரிலுள்ள எனது கடையிலிருந்து அலுமினியப் பாத்திரங்களும் பிளாஸ்டிக் சாமான்களும் அங்கே போகின்றன. மாதத்தில் இரண்டு தடவை சாமானைக் கொடுத்துவிட்டு, முந்திய பில்லுக்குரிய காசை வாங்கிக்கொண்டு வருவது வழக்கம். ஆரம்பத்தில் பஸ்ஸிலும் பின்னர் மோட்டார் சைக்கிளிலும் போய்வந்தேன். அந்தக் காலத்தில் அந்தக் கடைக்காரர் ஒருநாளாவது என்னை வெறுங்கையுடன் அனுப்பியதில்லை.

2018 ஆம் ஆண்டு நான் பாவித்த கார் ஒன்றை வாங்கினேன். மூன்றாவது தடவையாகக் காரில் போய் இறங்கியபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நானா, நீங்கள் இப்ப காரிலை வாறியள். உங்களுக்கென்ன காசுக்கு அவசரம்? அடுத்த முறை பார்த்துத் தாறன்."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த முறையும் பாதிக் காசுதான் கிடைத்தது. நெல்லியடியிலும் சுன்னாகத்திலும் இதே கதைதான். அதுமட்டுமல்ல, மோட்டார் சைக்கிளில் போனபோது சாமானைப் பட்டா லொறியில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் போவேன். கார் வந்த பிறகு டிக்கியில் அடங்கும் சாமானே போதும் என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன். வாகனம் பெரிதாகியது, வியாபாரம் சிறிதாகியது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடம் எடுத்தது.

இவ்வாரம் இதைப்பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. இறக்குமதித் தடை நீங்கிய பின்னர் எமது வியாபார சகோதரர்கள், குறிப்பாக இளைஞர்கள், கார் வாங்குவதில் பெரும் ஆர்வம் காட்டுகின்றனர். பள்ளிவாசல் முற்றத்திலும் கல்யாண வீட்டிலும் அதே பேச்சுத்தான். கார் வாங்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. காரின் உண்மையான விலை எது, அது தரும் சுதந்திரத்தின் உண்மையான பெறுமதி எது என்ற இரண்டையும் கொப்பியில் எழுதிப் பார்த்த பின்னர் வாங்குங்கள் என்றே சொல்கிறேன்.

பாதை மூடிய நாட்டில் வாகனம்

வாகனத்தின் மீது யாழ்ப்பாணத்தாருக்கு உள்ள ஆசையை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் போன்ற ஆங்கிலேயக் கார்கள் குடாநாட்டில் ஐம்பது, அறுபது வருடங்கள் ஓடியது வெறும் பாசத்தினால் மட்டுமல்ல. 1960 களிலும் 1970 களின் முற்பகுதியிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. புதிய வாகனம் வராதபோது உள்ள வாகனத்தைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னரே ஜப்பானிய வாகனங்கள் தாராளமாக வரத் தொடங்கின.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. அந்நாட்களில் பெற்றோலைச் சில துளிகள் விட்டு இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் கார் ஓடியதை அச்சுவேலியிலுள்ள முதியவர்கள் இன்றும் கதைகதையாகச் சொல்கின்றனர். வசதி படைத்தவரும் இல்லாதவரும் சைக்கிளில்தான் போனார்கள். சந்தைக்கு மரக்கறி மூட்டையும் சைக்கிளில்தான் போனது. வாசலில் கார் நின்றும் பயன் இருக்கவில்லை.

எமது சமூகத்துக்கு அந்த வருடம் வேறொன்றையும் கொண்டுவந்தது. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ் நகர முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். சோனக தெருவில் கடையும் லொறியும் காருமாக வாழ்ந்தவர்கள், உடுத்த உடையோடும் கையில் அனுமதிக்கப்பட்ட சிறு தொகையோடும் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தனர். எங்கள் வாப்பாவின் காரும் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. புத்தளத்து ஓலைக் குடிசையில் இருந்தபோது வாப்பா அந்தக் காரைப் பற்றிப் பேசியது எனக்கு நினைவில்லை. கடையில் இருந்த சரக்கையும் ஊரில் நின்ற கடனையும் பற்றித்தான் பேசுவார். ஒரு வியாபாரிக்கு எதை இழந்தால் வலிக்கும் என்பதை அன்றே கண்டேன்.

2002 ஏப்ரலில் ஏ 9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. 2009 இல் போர் முடிந்த பின்னரே மறுபடியும் திறந்தது. இப்படிப் பாதை திறப்பதும் மூடுவதுமாக இருந்த ஊரில், சொந்த வாகனத்தில் ஏறி நினைத்த நேரம் நினைத்த இடத்துக்குப் போவது என்பது ஆடம்பரமாகத் தோன்றாது, உரிமையாகத்தான் தோன்றும். அச்சுவேலியையும் பலாலிப் பக்கத்தையும் இணைக்கும் வீதியில் வயாவிளானுக்கும் தோலகட்டிக்கும் இடைப்பட்ட பகுதி 34 வருடங்களின் பின்னர் 2024 நவம்பர் 1 ஆம் திகதிதான் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இரண்டரைக் கிலோமீற்றர் அளவான துண்டுதான். ஆனால் அதில் முதல் முறை வாகனத்தில் போனவர்களின் மனநிலையை, வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த எங்களால் நன்றாகவே விளங்கிக்கொள்ள முடியும்.

எனவே சுதந்திரம் என்பது பொய்யல்ல. ஆனால் அதே வரலாறு இன்னொன்றையும் கற்றுத் தருகிறது. கார் தரும் சுதந்திரம் காரில் மட்டும் இல்லை. வீதி, எரிபொருள், அரசாங்கத்தின் கொள்கை என்று எமது கையில் இல்லாத பலவற்றில் அது தங்கியிருக்கிறது. 2022 இல் இதை நாடு முழுவதும் அனுபவித்தது. 2021 ஜூனுக்கு முன்னர் லீற்றர் 137 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவானது. அதற்கும் வரிசை. பின்னர் கியூ.ஆர். முறை வந்தபோது ஆரம்பத்தில் வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்துதான் கொடுத்தார்கள். 2023 செப்டெம்பர் வரை அந்த முறை இருந்தது. கார் வைத்திருந்த பல வியாபாரிகள் அந்த மாதங்களில் வரிசையில் நிற்பதற்கென்றே கடைப் பையனை அனுப்பினார்கள். அந்தச் சம்பளத்தையும் காரின் செலவில் சேர்த்தவர் யாராவது உண்டா?

நிற்கும் காருக்கும் செலவு உண்டு

இனி கணக்குக்கு வருவோம். எமது சகோதரர்களிடம் "கார் ஓட என்ன செலவு?" என்று கேட்டால் பெரும்பாலும் பெற்றோல் செலவைத்தான் சொல்வார்கள். அங்குதான் பிழை தொடங்குகிறது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் போடுவோம். தொகைகளை வாசகர்கள் தத்தமது நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். 50 இலட்சம் ரூபா பெறுமதியான கார். அதில் 20 இலட்சம் எமது கைக்காசு, 30 இலட்சம் இஜாரா முறையில் எடுத்தது. தவணை மாதம் 70,000 ரூபா, ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்வோம். 60 மாதங்களில் 42 இலட்சம் கட்டுகிறோம். எடுத்த தொகைக்கு மேலாக 12 இலட்சம், அதாவது மாதத்துக்கு 20,000 ரூபா.

ஐந்து வருடம் ஓடிய பின்னர் கார் 40 இலட்சத்துக்கு விலைபோனால் தேய்மானம் 10 இலட்சம், மாதத்துக்கு ஏறக்குறைய 16,700 ரூபா. முழுக் காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒன்றரை இலட்சம் என்றால் மாதத்துக்கு 12,500 ரூபா. சேர்விஸ், டயர், பற்றரி, திருத்த வேலைகளுக்கு மாதம் 10,000 ரூபா ஒதுக்குவோம்.

இப்போது பலரும் எழுத மறக்கும் வரிக்கு வருகிறேன். எமது கைக்காசு 20 இலட்சம் காருக்குள் முடங்கிக் கிடக்கிறது. அதே காசு கடையில் சரக்காக இருந்து, எல்லாச் செலவும் போக மாதம் நூற்றுக்கு ஒரு ரூபா மிச்சம் தந்தாலே 20,000 ரூபா. அது வராமல் போவதும் செலவுதான்.

இவை எல்லாவற்றையும் கூட்டினால் மாதத்துக்கு ஏறக்குறைய 79,000 ரூபா. இதில் ஒரு சொட்டுப் பெற்றோல்கூடச் சேரவில்லை என்பதைக் கவனிக்கவும். கார் வாசலில் துணி போர்த்தி நின்றாலும் இதில் பெரும்பகுதி போய்க்கொண்டே இருக்கும்.

இனி ஓட்டத்தைச் சேர்ப்போம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடுகிறது, பெற்றோல் 300 ரூபா என்று கணக்குக்காக எடுத்தால் கிலோமீற்றருக்கு 25 ரூபா. மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு நிலையான செலவு கிலோமீற்றருக்கு 79 ரூபா, பெற்றோல் 25 ரூபா, மொத்தம் 104 ரூபா.

யாழ் நகரிலிருந்து அச்சுவேலிக்குப் பதினேழு கிலோமீற்றர் அளவு. போய்வர 34 கிலோமீற்றர். பெற்றோலை மட்டும் பார்ப்பவர் 850 ரூபா செலவானதாக நினைக்கிறார். உண்மையில் 3,500 ரூபாவுக்கு மேல் செலவாகியிருக்கிறது. அந்தப் பயணத்தில் பத்தாயிரம் ரூபா இலாபமுள்ள சாமானை விற்றிருந்தால், மூன்றில் ஒரு பங்கைக் கார் தின்றுவிட்டது. காசு வாங்கவென்று போய் "அடுத்த முறை" என்ற பதிலோடு திரும்பினால் என்ன கணக்கு என்று சொல்லத் தேவையில்லை.

இதே காரை மாதம் 2,500 கிலோமீற்றர் ஓடும் ஒருவர் வைத்திருந்தால் நிலையான செலவு கிலோமீற்றருக்கு 32 ரூபாவாகக் குறைகிறது. பெற்றோலுடன் 57 ரூபா. சேர்விஸும் டயரும் சற்றுக் கூடினாலும் முன்னவரின் செலவில் ஏறக்குறைய அரைவாசிதான். புத்தளத்தில் இருக்கும் எனது மச்சான் அப்படிப்பட்டவர். ரெடிமேட் உடுப்பு வியாபாரம். சிலாபம், குருநாகல், அநுராதபுரம் என்று வாரத்தில் ஐந்து நாள் வானில்தான் இருப்பார். அவருக்கு வாகனம் கடையின் இன்னொரு கதவு. அவரைப் பார்த்து நான் வாங்கியதுதான் எனது தவறு. அவருடைய ஓட்டம் எனக்கில்லை. குடாநாட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வரை போனாலும் முப்பது சொச்சம் கிலோமீற்றர்தான்.

சுருக்கமாகச் சொன்னால், குறைவாக ஓடுபவருக்குத்தான் கார் விலை கூடியது. "நான் அடிக்கடி எடுப்பதில்லை, ஆகவே செலவு குறைவு" என்று சொல்பவர் கணக்கைத் தலைகீழாகப் பார்க்கிறார்.

விலை ஏறியது இலாபமா?

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். "தேய்மானம் என்கிறீர்கள், இந்த நாட்டில் கார் விலை ஏறத்தானே செய்தது?"

உண்மைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரி முதலாம் திகதி முதல்தான் தனியார் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பாவித்த வாகனத்தின் விலை எகிறியது. 2018 இல் வாங்கிய எனது காரை 2023 இன் இறுதியில் விற்றபோது வாங்கிய விலையைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. நண்பர்கள் வாழ்த்தினார்கள். நானும் மகிழ்ந்தேன்.

அன்றிரவு பழைய பில் கட்டுகளை எடுத்துப் பார்த்தபோது அந்த மகிழ்ச்சி போய்விட்டது. 2018 இன் ஆரம்பத்தில் ஒரு டொலர் 155 ரூபா அளவில் இருந்தது. 2023 இறுதியில் 320 ரூபாவைத் தாண்டியிருந்தது. கார் கூடவில்லை, ரூபாதான் குறைந்தது. அலுமினியப் பாத்திரத்தின் விலையும் அப்படியே ஏறியிருந்தது. கார் வாங்கிய காசை சரக்கில் போட்டிருந்தால் அந்த விலையேற்றமும் எனக்குக் கிடைத்திருக்கும், ஐந்து வருடம் அது சுழன்று சுழன்று தந்த இலாபமும் கிடைத்திருக்கும். காரில் முதலாவது மட்டும்தான் கிடைத்தது. இரண்டாவதற்குப் பதிலாகச் செலவுதான் கிடைத்தது.

ஐந்து வருடம் கதவு மூடியிருந்ததால் உண்டான விலையை, வாகனத்தின் இயல்பான குணம் என்று எண்ணி இன்று வாங்குபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கதவு மூடினால் உள்ளிருக்கும் பொருளுக்கு விலை ஏறும், திறந்தால் இறங்கும். ஒஸ்ரின் காருக்கு நடந்ததும் இதுதான். 1977 க்குப் பின்னர் அதற்கு முந்திய மவுசு இருக்கவில்லை.

அத்துடன், இறக்குமதி திறந்துவிட்டது என்பதற்காகக் கார் மலிவாகிவிடவுமில்லை. சுங்கத் தீர்வை, அதன் மேல் மேலதிக வரி, இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்த உற்பத்தி வரி, பெறுமதி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஆடம்பர வரி, இவற்றுக்கு மேல் 18 சதவீத வற் வரி என்று அடுக்கித்தான் புதிய கார் வீதிக்கு வருகிறது. நாம் கொடுக்கும் விலையில் பெரும் பங்கு இரும்புக்கும் இயந்திரத்துக்கும் போவதில்லை, வரிக்குப் போகிறது. டொலர் வெளியே போவதைத் தடுக்க அரசாங்கம் கார் மீது வரி போடுகிறது. அரசாங்கமே தேவைக்கு அதிகமான செலவு என்று பார்க்கும் ஒன்றை, நாம் முதலீடு என்று பெயரிட்டு வாங்குகிறோம்.

எமது வியாபாரிகள் அடிக்கடி போய்வரும் சிங்கப்பூரில் 1990 முதல் கார் வைத்திருப்பதற்கே ஓர் உரிமைப் பத்திரத்தை ஏலத்தில் எடுக்க வேண்டும். அது பத்து வருடத்துக்குத்தான் செல்லும். 2023 இல் பெரிய கார்களுக்கான அந்தப் பத்திரம் மட்டும் ஒன்றரை இலட்சம் சிங்கப்பூர் டொலரைத் தொட்டது. அதனால் அங்கே கார் வாங்க நினைப்பவர் முதலிலேயே செலவை முழுமையாகக் கண்டுகொள்கிறார். சராங்கூன் வீதிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரி, சாமானுக்கு வான் வைத்திருக்கிறார், தான் மட்டும் ரயிலில் வந்துபோகிறார். அவரை யாரும் ஏழை என்று நினைப்பதில்லை. எமது நாட்டில் அந்தச் செலவு வரியாகவும் தவணையாகவும் தேய்மானமாகவும் பிரிந்து ஒளிந்திருப்பதால் எமக்குத் தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

விற்ற பின்னர் இழந்தது என்ன?

ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. காரை விற்றபோது நான் இழந்தவற்றையும் சொல்லியாக வேண்டும்.

காரை விற்ற காசில் பாவித்த பட்டா ஒன்றை எடுத்தேன். மீதியைச் சரக்கில் போட்டேன். அச்சுவேலிக்கும் நெல்லியடிக்கும் இப்போது லொறி நிறையச் சாமானோடுதான் போகிறேன். அல்ஹம்துலில்லாஹ், வியாபாரம் பழைய நிலைக்கு வந்திருக்கிறது. கொழும்பில் புறக்கோட்டைக்குக் கொள்வனவுக்குப் போவதென்றால் ரயில் இருக்கிறது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்த பின்னர் அந்தப் பயணத்துக்குச் சொந்த வாகனம் அவசியமே இல்லை. சாமான் லொறியில் வந்துவிடும்.

ஆனால் வீட்டில் நிலைமை வேறு. பெருநாளைக்குப் புத்தளம் போவதென்றால் வான் ஹயருக்குப் பிடிக்க வேண்டும். எல்லோரும் பிடிக்கும் நாளில் விலையும் கூடும், வானும் கிடைக்காது. பெண் பிள்ளைகள் டியூசன் முடிந்து மஃரிபுக்குப் பின்னர் வரும்போது மனம் பதறுகிறது. ஒரு நாள் இரவு உம்மாவுக்கு நெஞ்சு நோவு வந்தது. பதற்றத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அக்கம்பக்கத்தில் ஓட்டோ தேடி ஓடினேன். பக்கத்து வீட்டுத் தம்பி ஓட்டோவை எடுத்துவந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அல்லாஹ்வின் உதவியால் ஒன்றும் ஆகவில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்பியூலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் இருக்கிறது என்பது அந்தப் பதற்றத்தில் ஞாபகம் வரவில்லை. அந்தப் பத்து நிமிடமும் "காரை ஏன் விற்றேன்" என்றுதான் மனம் கேட்டது.

அந்தப் பத்து நிமிடத்துக்கு விலை போட முடியாது என்று சிலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பின்னர் யோசித்துப் பார்த்தேன். அதற்கு விலை இருக்கிறது, மேலே போட்ட கணக்கின்படி மாதம் 79,000 ரூபா. அதைக் கொடுக்கும் வசதி இருப்பவர் தாராளமாகக் கொடுக்கட்டும். அது குடும்பத்தின் நிம்மதிக்கான செலவு, குற்றமில்லை. ஆனால் அந்தச் செலவைக் கடையின் முதலிலிருந்து எடுத்து, "வியாபாரத்துக்குத்தான் வாங்கினேன்" என்று சொல்வதுதான் ஆபத்து. வீட்டுக்காக வாங்கும் காரை வீட்டின் வருமானத்தில் வாங்குங்கள். கடைக்காக வாங்கும் வாகனம் கடைக்கு உழைக்கட்டும்.

பயணமும் அலங்காரமும்

வாகனம் மனிதனுக்கு அல்லாஹ் அளித்த அருட்கொடை. நல்ல வாகனம் அமைவது மனிதனின் நற்பேறுகளில் ஒன்று என்ற கருத்தில் நபிமொழியும் உண்டு. சூரா அந்நஹ்லின் எட்டாவது வசனத்தில் குதிரையும் கோவேறு கழுதையும் கழுதையும் ஏறிச் செல்வதற்காகவும் அலங்காரமாகவும் படைக்கப்பட்டது பற்றிக் கூறப்படுகிறது. அலங்காரத்தை மார்க்கம் மறுக்கவில்லை. ஆனால் ஏறிச் செல்வது முதலில் வருகிறது. நாம் அந்த வரிசையை மாற்றிவிடுகிறோம்.

கல்யாணப் பேச்சில் "மாப்பிள்ளைக்குக் கார் இருக்கிறதா?" என்று கேட்பதும், இன்னும் மோசமாக, பெண் வீட்டாரிடம் காரைச் சீதனமாக எதிர்பார்ப்பதும் எமது ஊர்களில் நடக்கிறது. இதனால் இருபத்தைந்து வயதில் கடை தொடங்கிய பிள்ளை, சரக்குப் போட வேண்டிய காசைக் காருக்குப் போடுகிறான். வெளியேற்றத்துக்குப் பின்னர் பூச்சியத்திலிருந்து தொடங்கி இரண்டு தலைமுறையாகச் சேர்த்த முதல், இப்படி வாசலில் நின்று தேய்கிறது.

தவணைக்கு எடுப்பதென்றால் வட்டி கலவாத வழியைத் தேடுவது எமது கடமை. இலங்கையில் 2011 முதல் முழுமையான இஸ்லாமிய வங்கி இயங்குகிறது. வேறு சில நிறுவனங்களிலும் இஜாரா, முராபஹா பிரிவுகள் இருக்கின்றன. தகாபுல் காப்புறுதியும் இருக்கிறது. ஆனால் ஒன்றை மறந்துவிட வேண்டாம். ஹலாலான தவணையும் தவணைதான். வட்டி இல்லை என்பதால் அது சுமை இல்லை என்றாகிவிடாது.

ஸகாத் பற்றியும் சிலர் கேட்கின்றனர். சொந்தப் பாவனைக்கான வாகனத்துக்கு ஸகாத் இல்லை. விற்பதற்காக வைத்திருக்கும் வாகனம் வியாபாரப் பொருள், அதற்கு ஸகாத் உண்டு. கார் வாங்கவென்று சேர்த்துவைத்த பணம் நிஸாபை அடைந்து ஒரு வருடம் பூர்த்தியானால் அதற்கும் உண்டு. ஐயமுள்ளவர்கள் உங்கள் பகுதி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

கார் வாங்க நினைக்கும் சகோதரர் ஒரு கொப்பியில் இந்த ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதிப் பார்க்க வேண்டும்.

ஒன்று, கடந்த மூன்று மாதத்தில் எனது வியாபாரத்துக்காக உண்மையில் எத்தனை கிலோமீற்றர் போனேன்? நினைப்பில் அல்ல, எழுதிப் பார்த்து.

இரண்டு, அதே பயணங்களை பஸ், ஓட்டோ, ஹயர் வான் என்று போயிருந்தால் மொத்தம் எவ்வளவு? அந்தத் தொகை மேலே சொன்ன மாதச் செலவைவிடக் குறைவாக இருந்தால் கார் இன்னும் உங்களுக்கு உரியதல்ல.

மூன்று, நான் வாங்குவது ஆளை ஏற்றவா, சாமானை ஏற்றவா? சாமான்தான் என்றால் காரைவிடப் பட்டாவே உழைக்கும்.

நான்கு, மூன்று மாதம் வியாபாரம் படுத்தாலும், சரக்கை விற்காமல் தவணையைக் கட்ட முடியுமா?

ஐந்து, அயலில் யாருக்கும் கார் இல்லையென்றாலும் நான் இதை வாங்குவேனா? இந்தக் கேள்விக்கு மட்டும் கொப்பியில் எழுதத் தேவையில்லை. மனதுக்குள் பதில் சொன்னால் போதும்.

இவற்றுக்குப் பிறகும் கணக்குச் சரிவந்தால் தயங்காமல் வாங்குங்கள். அதில் கிடைக்கும் சுதந்திரம் உண்மையானது. கூட்டாகச் செய்யவும் வழியுண்டு. ஒரே பாதையில் வியாபாரம் செய்யும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு பட்டாவை வாங்கி நாள் பிரித்து ஓட்டினால் நிற்கும் நாள் குறையும், செலவும் பங்காகும். கணக்கை எழுத்தில் வைத்துக்கொண்டால் மனக்கசப்பும் வராது.

சென்ற மாதமும் அச்சுவேலிக்குப் போனேன். பட்டாவிலிருந்து சாமான் இறங்கிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

"என்ன நானா, கார் எங்கை?"

"வித்திட்டன் அண்ணை."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் லாச்சியைத் திறந்து பழைய பில்லுக்குரிய காசு முழுவதையும் எண்ணித் தந்தார். நான் கஷ்டத்தில் இருப்பதாக நினைத்திருப்பார் போலும். நானும் திருத்தவில்லை. காசை எண்ணி வாங்கிக்கொண்டு, அடுத்த பில்லை எழுதினேன்.